பாட்டை அழித்த ரேடியோக்காரர்: கிங் டப்பி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ரெகே என்றதும் பலருக்குப் பாப் மார்லியின் முகம்தான் நினைவுக்கு வரும். அதில் தப்பில்லை. ஆனால் ஜமைக்காவிலிருந்து உலக இசைக்குப் போன பெரிய சரக்கு எது என்று என்னைக் கேட்டால், பாடகர் எவர் பெயரையும் சொல்ல மாட்டேன். கிங்ஸ்டன் நகரத்தில் ரேடியோ பழுதுபார்த்து, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிப் பிழைத்த ஒருவரைச் சொல்வேன். அவர் பாடகர் இல்லை, வாத்தியக்காரரும் இல்லை. அடுத்தவர் வாசித்துப் பாடி வைத்ததை எடுத்துக்கொண்டு, அதில் பாதியை அழித்தார். அப்படி அழித்ததில் டப் என்ற ஒரு புது இசை வகையே பிறந்துவிட்டது.

பெயர் ஆஸ்போர்ன் ரடக். 1941 ஜனவரி 28 அன்று கிங்ஸ்டனில் பிறந்தவர். கிங் டப்பி என்றால்தான் ஊருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் குண்டன் என்று பொருள், ஆளோ ஒல்லி. அம்மாவின் குடும்பப் பெயர் டப்மன், அதிலிருந்து வந்த செல்லப் பெயர் என்பார்கள்.

இந்த ஆய்வில் நான் பார்க்க விரும்புவது ஒன்றுதான். இவ்வளவு பெரிய மாற்றம் ஒரு இசைக்கலைஞரிடமிருந்து வராமல், சாலிடரிங் கம்பி பிடித்த கையிலிருந்து ஏன் வந்தது?

மைக்செட்காரர்களின் ஊர்

1950களின் கிங்ஸ்டனில் ஏழைகள் இசை கேட்ட இடம் தெரு. அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் இசைத்தட்டுகளை வாங்கி, அலமாரி உயரத்துக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி, வெட்டவெளியில் நடனம் நடத்துவார்கள். இதற்குச் சவுண்ட் சிஸ்டம் என்று பெயர். மைக்செட் என்று சொல்லலாம்தான், ஆனால் நாற்காலி, பந்தலோடு சேர்த்து வாடகைக்கு வரும் சாமான் அல்ல அது. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு முதலாளி, ஒரு ரசிகர் படை, ஒரு பேட்டை. நுழைவுக் கட்டணமும் மது விற்பனையும்தான் வருமானம். பக்கத்துத் தெருக்காரரின் பாஸ், அதாவது தாழ்ந்த சுருதி ஒலி, உங்களுடையதைவிட அதிகமாக அதிர்ந்தால் கூட்டம் அங்கே போய்விடும். அப்புறம் சண்டை. நடனத்தைக் கலைக்கவே அடியாள் அனுப்பிய முதலாளிகள் உண்டு. உடைவது ஆம்ப்ளிஃபயராக இருக்கும்.

டப்பியின் பிழைப்பு இங்கேதான் தொடங்கியது. உடைந்த ஆம்ப்ளிஃபயர் வரும், எரிந்த காயில் வரும், சரிசெய்து கொடுப்பார். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவார். மின்அழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர் செய்து விற்பார். 1950களின் கடைசியிலேயே தனக்கென்று ஒரு சிஸ்டம் கட்ட ஆரம்பித்துவிட்டார். டப்பிஸ் ஹோம்டவுன் ஹைஃபை என்று பெயர். பெரிய முதலாளிகளோடு ஒப்பிட்டால் சின்னதுதான், ஆனால் ஒலியின் துல்லியத்துக்குப் பெயர் வாங்கியது. எல்லாச் சிஸ்டங்களின் வயிற்றையும் திறந்து பார்த்தவர் இல்லையா, எது எங்கே இரைகிறது என்று அவருக்குத் தெரியும். எதிரொலியையும், மண்டப முழக்கம் போன்ற ரிவெர்பையும் நடனத் திடலுக்குக் கொண்டுவந்ததில் அவருடைய சிஸ்டம் முன்னோடி.

1968 வாக்கில் யூ-ராய் என்கிற ஈவர்ட் பெக்ஃபர்ட் அவரோடு சேர்ந்தார். இசைத்தட்டு ஓடும்போது மைக்கில் தாளத்தோடு பேசுவது அவர் வேலை. இந்தச் சேர்க்கை பின்னால் முக்கியமாகிறது.

ஒரு மறதி

அதே காலத்தில் டியூக் ரீட் என்ற முதலாளிக்கு டப்பி இசைத்தட்டு வெட்டிக் கொடுத்துவந்தார், அதாவது டேப்பில் இருப்பதைத் தட்டில் பதித்துக் கொடுத்தார். ரீட் முன்னாள் போலீஸ்காரர். பாண்ட் தெருவில் அவருக்கு மதுக்கடை, அதன் மாடியில் டிரெஷர் ஐல் ஸ்டுடியோ. புதுப் பாட்டு பதிவானதும் அதைக் கடைக்கு அனுப்புமுன் அசிடேட் பூசிய மென்தட்டில் ஒரு பிரதி வெட்டி, நடனத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். கூட்டம் ஆடினால் அச்சுக்குப் போகும். அந்தச் சோதனைத் தட்டுக்கு டப்பிளேட் என்று பெயர். சில பத்துத் தடவை ஓட்டினாலே தேய்ந்துபோகும்.

1960களின் கடைசியில் அங்கே நடந்த ஒரு சம்பவத்தை ஜமைக்க இசை பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்வார்கள். ஸ்பானிஷ் டவுனில் சிஸ்டம் நடத்திய ரடி ரெட்வுட் ஒரு டப்பிளேட் வெட்ட வந்திருந்தார். பாரகன்ஸ் குழுவின் பாட்டு. டேப்பின் ஒரு ட்ராக்கில், அதாவது ஒலித்தடத்தில், குரல், இன்னொன்றில் வாத்தியம். எஞ்சினியர் பைரன் ஸ்மித் குரலைத் திறக்க மறந்துவிட்டார். தப்பு என்று நிறுத்தப் போனவரை ரெட்வுட் தடுத்து, அப்படியே வெட்டச் சொன்னார். அன்றிரவு நடனத்தில் முதலில் குரலோடு போட்டார். பிறகு குரல் இல்லாததைப் போட்டார். கூட்டமே பாட்டைப் பாடியது.

டப்பியின் நண்பரான தயாரிப்பாளர் பன்னி லீ அங்கே இருந்தார். வந்து டப்பியிடம் சொன்னார்.

ஆக, குரல் இல்லாத தட்டைக் கண்டுபிடித்தது டப்பி இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இணையத்தில் பாதிப் பேர் இதையும் அவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். குரல் இல்லாத பதிப்புக்கு வெர்ஷன் என்று பேர் வந்தது. சீக்கிரமே, பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட எல்லாச் சிங்கிள் தட்டுகளின் பி பக்கத்திலும், அதாவது பின்பக்கத்திலும், அது ஏறியது. காரணம் கலை இல்லை, காசு. பி பக்கத்துக்கு இன்னொரு பாட்டைப் பதிவுசெய்யும் செலவு முழுக்க மிச்சம்.

டப்பி செய்தது அதற்கு அடுத்த படி. குரலை மொத்தமாக மூடாமல், முதல் வரியை விட்டு, சட்டென்று பிடுங்கி, அந்த இடத்தில் பாஸையும் டிரம்ஸையும் மட்டும் நிற்க வைத்து, கேட்பவர் மறந்துபோன நேரத்தில் ஒரே ஒரு சொல்லை உள்ளே விட்டு மறுபடி மூடுவது. காலியான இடங்களில் யூ-ராய் பேசினார். நடனங்களில் இது பித்துப்பிடித்த மாதிரி பரவியது. 1970இல் டியூக் ரீட் யூ-ராயைக் கூப்பிட்டுப் பழைய பாட்டுகளின் மேல் பேச வைத்துத் தட்டாகவே வெளியிட்டார். அவற்றில் மூன்று, ஜமைக்கப் பாட்டு விற்பனை வரிசையின் முதல் மூன்று இடங்களை ஒரே சமயத்தில் பிடித்தன.

டப் என்ற பேர் டப்பிளேட்டிலிருந்து வந்தது. டப்பி என்ற பேரோடு ஒத்துப்போனது தற்செயல். நாம் சொல்கிற டப்பிங்கும் அதே வேர்தான். அங்கே குரலைச் சேர்க்கிறோம், இங்கே எடுக்கிறார்கள்.

டிராமிலி அவென்யூ, 18

வாட்டர்ஹவுஸ் என்பது மேற்குக் கிங்ஸ்டனின் ஏழைப் பகுதி. 1970களின் அரசியல் கும்பல் சண்டைகளில் துப்பாக்கிச் சத்தம் சகஜமாகி, ஃபயர்ஹவுஸ் என்றே அதற்கு இன்னொரு பேர் வந்தது. அங்கே டிராமிலி அவென்யூ 18ஆம் எண் வீடு டப்பியின் அம்மாவுடையது. அதன் முன்னறையில்தான் ஸ்டுடியோ. குளியலறை குரல் பதியும் அறையானது. வாத்தியக் குழு உட்கார இடமே கிடையாது. கிங்ஸ்டனின் பெரிய ஸ்டுடியோக்களான ராண்டீஸ், ஹாரி ஜே, சானல் ஒன் ஆகியவற்றில் தாளமும் பாஸும் பதிவாகும். தயாரிப்பாளர் அந்த டேப்பை எடுத்துக்கொண்டு டப்பி வீட்டுக்கு வருவார். குரல் சேர்க்கவும் மிக்ஸ் செய்யவும் மட்டுமே இங்கே.

எல்லோரும் இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். எனக்கு இதுதான் நிகழ்வின் மையமாகப் படுகிறது. இசைக்குழுவே இல்லாத ஸ்டுடியோவில் இருப்பது டேப்பும் கருவிகளும்தான். விளையாட வேண்டுமானால் அவற்றோடு மட்டுமே விளையாட முடியும்.

1970களின் தொடக்கத்தில் டைனமிக் சவுண்ட்ஸ் என்ற பெரிய ஸ்டுடியோ தன் கருவிகளைப் புதுப்பித்து, பழைய 4-ட்ராக் எம்சிஐ மிக்ஸிங் கன்சோலை, அதாவது ட்ராக்குகளைக் கலக்கும் மேசையை, கழித்துவிட்டது. பன்னி லீ வழியாக அது டப்பிக்கு வந்தது. வேறு யாரும் அதை இருந்தபடியே வைத்து வேலை பார்த்திருப்பார்கள். இவர் ரேடியோக்காரர். பிரித்துப் பார்த்தார். ஒலியளவைக் கட்டுப்படுத்தும் நழுவுகுமிழ்களை, அதாவது ஃபேடர்களை, விரலுக்கு வழுக்கும்படி மாற்றினார். ஒரு ட்ராக்கைச் சொடுக்குப் போடும் நேரத்தில் உள்ளே இழுத்து வெளியே தள்ள அது தேவைப்பட்டது.

அந்தக் கன்சோலில் ஒரு பெரிய குமிழ் இருந்தது. தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டிவிடும் வடிகட்டி, ஹை-பாஸ் ஃபில்டர். மைக்கில் ஏறும் இரைச்சலை நீக்குவதற்காக வைத்தது. ஒரு தடவை சரியான இடத்தில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டிய சாமான். டப்பி அதைப் பாட்டு ஓடும்போதே திருப்பினார். 70 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 7500 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாக வெட்டும் குமிழ் என்பதால், ஒலி வழுக்காமல் படியேறும். டிரம்ஸின் ஹை-ஹாட் தகட்டின் சத்தத்தில் இதைப் பயன்படுத்தினால் சாதாரண 'ச்சிக்' என்ற ஓசை மெலிந்து, கூர்மையாகி, ஆவியாகிற மாதிரி மேலே போகும்.

எதிரொலியும் அப்படித்தான். டேப் இயந்திரத்தில் பதியும் தலைக்கும் படிக்கும் தலைக்கும் இடையே சின்ன இடைவெளி உண்டு. படித்ததையே திரும்பப் பதியவிட்டால் ஒலி மீண்டும் மீண்டும் வந்து தேயும். பாட்டின் வேகத்தோடு அது ஒத்துப்போனால் எதிரொலியே தாளமாகிவிடும். ரிவெர்ப் கருவி என்பது உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு பெட்டி. ஒலியை ஸ்பிரிங்கில் அதிர வைத்துப் பெரிய மண்டபத்தின் முழக்கத்தைப் போலியாக உண்டாக்கும். அந்தப் பெட்டியைக் கையால் தட்டினால் இடி விழுகிற மாதிரி சத்தம் வரும். எஞ்சினியர்கள் அதை விபத்தாக நினைப்பார்கள். டப் தட்டுகளில் வரும் இடி முழக்கம் பல நேரம் அந்த விபத்துதான்.

இவை எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில், நேரடியாகச் செய்ய வேண்டும். கணினி கிடையாது, சேமித்து வைத்துத் திருத்த முடியாது. இரண்டு கையும் நான்கு ட்ராக்கும். டேப் ஓட ஓட மிக்ஸர் முன்னால் நின்று செய்வது பதிவாகும். பிடிக்கவில்லை என்றால் முதலிலிருந்து. அதே டேப்பை நாளைக்கு வேறு மாதிரி செய்யலாம், அதற்கு மறுநாள் இன்னொரு மாதிரி. இந்த இடத்தில்தான் மிக்ஸர் ஒரு வாத்தியமாக ஆனது என்று சொல்கிறார்கள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஒரு தட்டு

ஆகஸ்டஸ் பாப்லோ என்ற இளைஞர் மெலோடிகா வாசிப்பவர். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கக் கொடுக்கிற, ஊதிக்கொண்டே கட்டைகளை அழுத்தும் கருவி. அவர் ஜேக்கப் மில்லர் என்ற பாடகரை வைத்து ஒரு காதல் பாட்டைத் தயாரித்தார். டிரம்ஸ் கார்ல்டன் பாரெட், பாப் மார்லியின் குழுவைச் சேர்ந்தவர். நல்ல பாட்டு, மென்மையான குரல்.

டேப் டப்பியிடம் போனது. 1975இல் ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனம் பிரிட்டனில் இதைச் சிங்கிளாக வெளியிட்டது. பி பக்கத்தில் டப்பியின் மிக்ஸ், ‘கிங் டப்பிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்'. இன்றைக்கு ஏ பக்கத்தை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு.

இதைக் கேட்கும்போது மில்லரின் குரலைக் கவனியுங்கள். ஒரு வரி முழுதாக வருவதற்குள் அறுந்துவிடும். அறுந்த நுனி எதிரொலியில் மாட்டி, அறைக்கு வெளியே நடந்து போகிற மாதிரி தேயும். கிட்டார் ஒரு வெட்டு வெட்டிவிட்டுக் காணாமல் போகும். பாரெட்டின் டிரம்ஸ் மட்டும் திடீரென்று ஒரு பெரிய கிடங்குக்குள் விழுந்து முழங்கும். இத்தனைக்கும் கீழே பாஸ் அசையாது, தரை மாதிரி கிடக்கும். மூலப்பாட்டில் ஒருவர் காதலியிடம் பேசிக்கொண்டிருக்கிறார். டப்பில் அவர் பேச வருகிறார், யாரோ தடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். என் காதுக்கு இது மூலத்தைவிடத் துயரமானது. போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ஒன்றுமில்லையே என்று சொல்லாதீர்கள். பாஸ் கேட்கவில்லை என்றால் இதில் பாதிக்கு மேல் போச்சு.

இதே ஆண்டுகளில் பன்னி லீ, லீ பெரி, யாபி யூ, கிளென் பிரவுன் என்று பல தயாரிப்பாளர்களின் டேப்புகள் டிராமிலி அவென்யூவுக்கு வந்தன. சிங்கிளின் பி பக்கம் போதாமல், டப் மட்டுமே கொண்ட முழு ஆல்பங்கள் வந்தன. அட்டையில் பாடகர் பேரைவிட எஞ்சினியர் பேர் பெரிதாக அச்சானது. டப்பி அதற்கேற்றாற்போல் நிஜக் கிரீடமே வைத்துக்கொண்டு படத்துக்கு நின்றிருக்கிறார். இன்றைக்கு டிஜே பேரில் டிக்கெட் விற்கிறது. அன்றைக்கு மிக்ஸ் செய்தவர் பேரில் தட்டு விற்பதே புதுமை.

யாருக்குக் காசு?

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பக்கம் இது. கிங்ஸ்டன் வாத்தியக்காரர்களுக்கு ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கைக்காசு கொடுத்து அனுப்புவது வழக்கம். அதே தாளப் பதிவின் மேல் பிறகு பத்துப் பாடகர்கள் பாடுவார்கள், நான்கு பேர் பேசுவார்கள், மூன்று டப் வெளிவரும். டிரம்ஸ் அடித்தவருக்குக் கூடுதலாக எதுவும் வராது. கேட்கச் சட்டமும் வலுவாக இல்லை. 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டமே ஜமைக்காவில் நடைமுறையில் இருந்தது. சொந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 1993இல். டப்பின் பொற்காலம் முழுவதும் அந்த ஓட்டைக்குள்தான் நடந்தது.

கறாரான பதிப்புரிமை இருந்திருந்தால் டப் பிறந்திருக்குமா என்று ஒரு வாதம் உண்டு. பிறந்திருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதிலைச் சொல்வது நமக்கு எளிது, நாம் வாசித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்கள் இல்லை.

பையன்கள்

டப்பி தனியாக வேலை செய்யவில்லை. பிலிப் ஸ்மார்ட் முதலில் உதவிக்கு இருந்தார், பிறகு நியூயார்க் போய்விட்டார். அடுத்து வந்தவர் பிரின்ஸ் ஜாமி என்கிற லாய்ட் ஜேம்ஸ். அப்புறம் ஹோப்டன் பிரவுன் என்ற பதின்வயதுப் பையன் ஆம்ப்ளிஃபயருக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வந்து, பழுதுவேலைக்கு ஒட்டிக்கொண்டு, கடைசியில் மிக்ஸர் முன்னால் போய் நின்றான். அவன்தான் சயன்டிஸ்ட் என்ற பேரில் 1980களின் தொடக்கத்தில் டப் ஆல்பங்களாகக் குவித்தவன். வாட்டர்ஹவுஸில் இசை கற்ற வழி இதுதான், டிரான்ஸ்ஃபார்மர் வழியாக.

1985இல் ஜாமி குருவையே தாண்டினார். கேசியோ எம்டி-40 என்ற சின்ன கீபோர்டில் ஏற்கெனவே பதித்துவைத்த தாளம் ஒன்றை எடுத்து, வேகத்தைக் குறைத்து, வெய்ன் ஸ்மித்தைப் பாட வைத்தார். 'ஸ்லெங் டெங்' என்று அந்தத் தாளத்துக்கே பேராகிவிட்டது. ஜமைக்க இசை ஒரே மாதத்தில் கணினிமயமானது போல் ஆயிற்று. டிரம்ஸ்காரர், பாஸ்காரர் பலருக்கு வேலை போனது. டப்பியும் சும்மா இருக்கவில்லை. பெரிய ஸ்டுடியோ ஒன்றைக் கட்டி முடித்து, ஃபயர்ஹவுஸ், வாட்டர்ஹவுஸ், டாரஸ் என்று சொந்த லேபிள்களில் தானே தயாரிப்பாளராக இறங்கினார். ஆண்டனி ரெட் ரோஸ் பாடிய 'டெம்போ' அந்த ஆண்டே வந்தது. கரடுமுரடான, இருண்ட கணினித் தாளம். அவருடைய இந்தக் கடைசிக் கட்டத்தை விமர்சகர்கள் ஓரிரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், அது நியாயமில்லை.

வெளியுலகப் பாதிப்பைச் சொல்லும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். ஹிப்ஹாப்பின் தந்தை எனப்படும் கூல் ஹெர்க் கிங்ஸ்டனில் பிறந்தவர், 1967இல் நியூயார்க் போனவர், 1973 ஆகஸ்டில் அந்நகரின் பிராங்ஸ் பகுதியில் நடத்திய விருந்து வரலாறாகிவிட்டது. உடனே யூ-ராயிலிருந்து ராப்புக்கு நேர்க்கோடு போட்டுவிடுவார்கள். ஹெர்க்கே ஒரு கட்டத்தில் அந்த இணைப்பை மறுத்திருக்கிறார். பிரிட்டன் பக்கம் அந்தக் குழப்பம் இல்லை. மேட் புரொஃபசர் என்ற டப் எஞ்சினியர் நேரடியாக இந்த மரபில் வந்தவர். 1995இல் மாசிவ் அட்டாக் குழுவின் ஆல்பத்தை முழுக்க டப்பாக மாற்றினார். தெற்கு லண்டனில் 2000களின் தொடக்கத்தில் முளைத்த டப்ஸ்டெப் என்ற இசை வகை பேரிலேயே வேரைச் சொல்கிறது. பெர்லினில் பேசிக் சானல் கூட்டணி டெக்னோ என்ற மின்னணு நடன இசையை அதே எதிரொலிக்குள் முக்கி எடுத்தது. ரீமிக்ஸ் என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் அங்கே டிராமிலி அவென்யூவின் சாயல் கொஞ்சமாவது இருக்கும்.

பிப்ரவரி 6

1989 பிப்ரவரி 6. பாப் மார்லியின் பிறந்தநாள். வேலை முடித்துத் துஹேனி பார்க்கில் உள்ள வீட்டுக்குத் திரும்பிய டப்பியை வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். வயது 48. கொள்ளை என்று கருதப்பட்டது. கொன்றது யார் என்பது இன்றுவரை துலங்கவில்லை.

எம்சிஐ கன்சோல் இப்போது அமெரிக்காவில், சியாட்டில் பாப் கலாசார அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தட்டுகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன, பழைய டேப்பிலிருந்து எடுத்த புதுத் தொகுப்புகளாக. கிங் டப்பி என்று அட்டையில் போட்டால் விற்கும் என்பதால், பிலிப் ஸ்மார்ட் செய்ததும் ஜாமி செய்ததும் அந்தப் பேரில் போய்விடுகின்றன. ஹை-ஹாட் படியேறுவதைக் கேட்டுவிட்டு 'இது டப்பியேதான்' என்று நானும் முதலில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, மற்ற இருவரும் உட்கார்ந்ததும் அதே கன்சோல் முன்னால்தான்.